இன்சுலின் ஊசி போடச் சொல்லிவிட்டார்களா? மலையக வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இனி இன்சுலின் போட வேண்டும்" என்று டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதிய நாளிலிருந்து முதல் ஓரிரு மாதம் வரை எழும் சந்தேகங்களுக்கான பக்கம் இது. தோட்டத்து லயங்களிலும், ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை பக்கத்து ஊர்களிலும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். எத்தனை யூனிட் போடுவது என்பதை மட்டும் இங்கே தேடாதீர்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கொப்பியில் இருப்பதுதான் உங்கள் அளவு. பக்கத்துக் காம்பரா அக்காவின் அளவு உங்களுக்கு ஆகாது.

எல்லோரும் முதலில் கேட்பது குத்தும்போது வலிக்குமா என்றுதான். என்னைக் கேட்டால், அதைவிடக் கவனிக்க வேண்டியது சாப்பாட்டு நேரமும், மலையில் வேலை செய்யும்போது சீனி இறங்கிப்போவதும். அதனால் அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

ஊசிக்கு வந்துவிட்டேன் என்றால் நோய் முற்றிவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் பலருக்கும் ஒரு மாமாவோ பெரியப்பாவோ ஞாபகத்தில் இருப்பார். ஊசி போடத் தொடங்கினார், அடுத்த வருடமே காலை எடுத்தார்கள். ஊசிதான் காலைக் கொண்டுபோனது என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அவருக்கு எத்தனையோ வருடமாகச் சீனி கூடியே இருந்திருக்கும். நரம்பு மரத்து, இரத்த ஓட்டம் குறைந்து, கால் அதற்குள் கெட்டுப்போயிருக்கும். ஊசி கடைசியில்தான் வந்தது, பழி மட்டும் அதன் தலையில் விழுந்தது. கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் ஒருவேளை கால் தப்பியிருக்கும்.

இன்சுலின் நம் கணையத்தில் இயல்பாகவே சுரப்பது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகைச் சீனி வருத்தம். அதில் கணையம் வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டே போகும். நோயைக் கண்டுபிடிக்கும்போதே சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. மாத்திரைகளில் சில, மிச்சமிருக்கும் கணையத்தைத் தூண்டி வேலை வாங்குபவை. தூண்டினாலும் சுரக்க ஒன்றும் இல்லாத நிலை வந்தால், இல்லாததை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். நீங்கள் சரியாக மருந்து குடித்திருந்தாலும் இது நடக்கலாம். "சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் உனக்கு ஊசி" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வரும் முதலாம் வகை வேறு. அதில் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். முதல் நாளிலிருந்தே ஊசி வேண்டும், ஒரு நாள்கூட விட முடியாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு இந்த வகை வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள் இறந்துபோனார்கள்.

ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாமே? உடம்பு பழகிவிடுமா?

சாராயத்துக்கோ சிகரெட்டுக்கோ பழகுவதுபோல் இன்சுலினுக்கு உடம்பு பழகாது. பலருக்குத் தொடர்ந்து தேவைப்படுவது உண்மைதான். அதற்குக் காரணம் கணையம் மறுபடி தேறாதது. சிலருக்குச் சில காலம் போதும். சத்திரசிகிச்சை, பெரிய காயம், கடும் தொற்று, ஸ்டீரொயிட் மருந்து போன்ற நேரங்களில் போட்டுவிட்டு, பின்னர் மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். நிறுத்துவதை டொக்டர் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

மாத்திரையைக் கூட்டித் தரச் சொல்லிப் பார்க்கலாமா? கொத்தலஹிம்புட்டு, பாகற்காய்ச் சாறு எல்லாம் இருக்கிறதே?

மாத்திரைக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் பலன் கூடாது, பக்கவிளைவுதான் கூடும். உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். ஆனால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளித் தள்ளியே வருடங்கள் ஓடிவிடுவதுதான் நாம் அதிகம் பார்க்கிற சங்கதி.

கொத்தலஹிம்புட்டுக் கோப்பையில் ஊறவைத்த தண்ணீர், வெந்தயம், பாகற்காய் ஆகியவை சீனியைக் கொஞ்சம் குறைக்கக்கூடும். ஊசியின் இடத்தை அவை பிடிக்காது. ஊசியோடு சேர்த்துக் குடித்தால் சீனி எதிர்பாராமல் இறங்கவும் கூடும். குடிப்பதாக இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து சொல்லாமல் விட்டால், கூடிக் குறையும் கணக்கு அவர்களுக்குப் புரியாமல் போகும்.

இன்சுலின் தொடங்கிய பிறகும் மெட்போமின் மாத்திரையைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். கணையத்தைத் தூண்டும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகளைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று அன்றைக்கே தெளிவாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பழைய மாத்திரைப் பையும் புதிய ஊசியும் ஒன்றாகப் போய்க் குழப்பம் ஆவது சாதாரணம்.

எவ்வளவு வலிக்கும்?

சின்ன வயதில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை நினைத்துக்கொண்டுதான் நடுங்குகிறார்கள். அது தசையில் போடுவது, ஊசியும் தடிப்பு. இன்சுலின் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பில் போடுவது. ஊசி சில மில்லிமீட்டர் நீளம்தான், முடிபோல மெல்லியது. சீனி பார்க்க விரலில் குத்துவதுதான் இதைவிட வலிக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள்.

குளிர்ந்த மருந்து எரியும். போடுவதற்குக் கொஞ்சம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகு குத்துங்கள். குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலுக்கு ஸ்பிரிட் அவசியமும் இல்லை.

எங்கே போடுவது? தொடையில் போட்டால் சுலபமாக இருக்கிறதே.

வயிறு, தொடை, புட்டம், மேற்கையின் பின்பக்கம் ஆகிய இடங்களில் போடலாம். வயிற்றில் போடுவதென்றால் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தொடையில் போட்டுவிட்டு உடனே ஏற்றத்தில் நடந்தால், வேலை செய்யும் தசையைச் சுற்றி இரத்த ஓட்டம் கூடி, இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் ஏறும். காலையில் ஊசி போட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான மலை ஏறும் ஒருவருக்குக் கொழுந்துக் கூடை பாதி நிறைவதற்குள் சீனி இறங்கிவிட இது போதும். காலை ஊசியை வயிற்றில் போடுவது நல்லது. ஓய்வாக இருக்கும் மாலையில் தொடையில் போடலாம்.

ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். அந்த இடம் வலிக்காமல் போகும். வலிக்கவில்லை என்பதற்காகவே அங்கேயே குத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நாளடைவில் அங்கே மெத்தென்று ஒரு கட்டி எழும்பும். அதில் போட்ட மருந்து ஒழுங்காக ஏறாது. ஒரு நாள் சீனி 300 காட்டும், மறுநாள் 60 காட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் தள்ளிக் குத்துங்கள், வாரத்துக்கொரு முறை வயிற்றைத் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும். இடம் மாற்றும்போது சீனி இறங்கக்கூடும் என்பதால் கிளினிக்கிலும் சொல்லிவிடுங்கள்.

போத்தலில் இருந்து எப்படி எடுப்பது?

அரசாங்க வைத்தியசாலைகளில் பலருக்கும் கிடைப்பது 30/70 என்ற கலவை இன்சுலின். 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்வது. அது பால்போல் கலங்கலாகத்தான் இருக்கும். வைத்திருந்தால் வெள்ளை அடியில் தங்கும். குலுக்கி நுரை எழுப்பாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரே சீராகக் கலங்கும்வரை 10 முதல் 20 தடவை உருட்டுங்கள். அதன் பிறகும் திட்டுத்திட்டாக, துகளாக இருந்தால் அந்தப் போத்தல் பழுது.

கையைக் கழுவிக்கொண்டு, எத்தனை யூனிட் எடுக்கப் போகிறீர்களோ அதே அளவு காற்றை முதலில் சிரிஞ்சுக்குள் இழுத்துப் போத்தலுக்குள் விடுங்கள். அப்புறம் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுங்கள். குமிழ் இருந்தால் சுண்டி மேலே ஏற்றி வெளியே தள்ளி, அளவை மறுபடி பாருங்கள். தோலை மெதுவாக இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, நேராகக் குத்தி, மெதுவாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். மெலிந்தவர்கள் கொஞ்சம் சரித்துக் குத்துவது நல்லது. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

படித்தால் நீளமாகத் தெரிகிறது. கிளினிக் தாதியின் முன்னால் உங்கள் கையாலேயே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு வந்தால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். வரிசை நீளம் என்று தயங்காமல் கேளுங்கள்.

சிரிஞ்ச் எல்லாம் ஒன்றுதானே? இந்தியாவில் இருக்கும் சித்தப்பா மருந்து கொண்டுவந்து தந்தார்.

இந்தக் கேள்வியை நம் மலையகத்தில்தான் அதிகம் கேட்க முடியும். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதி உறவுகள் நீலகிரியிலும் திருச்சியிலும் ஆகிவிட்டன. வருகிறவர்கள் அன்போடு மருந்தும் கொண்டுவருவார்கள். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இலங்கையில் கொடுக்கும் போத்தலில் ஒரு மில்லிலீட்டருக்கு 100 யூனிட் இருக்கும். இந்தியாவில் 40 யூனிட் உள்ள போத்தல்களும் விற்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், சாயம் கூடின தேத்தண்ணீருக்கும் குறைந்த தேத்தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 100க்குப் பொதுவாகச் செம்மஞ்சள் மூடி, 40க்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். அது உயிருக்கே உலை வைக்கும். மாற்றி எடுத்தால் பாதிகூட ஏறாது, சீனி எகிறும். போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் போத்தலுக்கும் பாருங்கள். சித்தப்பாவிடம் மருந்துக்குப் பதிலாக வேறு ஏதாவது கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. என்ன செய்வது?

மலையில் இருப்பது இந்த ஒரு விடயத்தில் வசதி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். திறந்து பாவிக்கும் போத்தலைச் சாதாரண அறை வெப்பத்தில், 25 பாகைக்குக் கீழே, பொதுவாக 4 வாரம் வைக்கலாம். சில வகைகளுக்கு 6 வாரம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ளதே கணக்கு. திறந்த திகதியைப் போத்தலிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். உள்ளே மருந்து மிச்சம் இருந்தாலும் அந்த நாள் தாண்டினால் வீசத்தான் வேண்டும். மனம் வராது, தெரியும்.

லயத்துக் காம்பராவில் இடம் பார்த்து வைப்பதுதான் சிக்கல். அடுப்பங்கரை வேண்டாம். தகரக் கூரைக்குக் கிட்ட உள்ள பரணும் வேண்டாம். வெயில் அடிக்கும் மதியத்தில் அங்கே நெருப்பாகக் கொதிக்கும். வெயில் படாத மூலையில், ஈர மணல் நிரப்பிய மண் சட்டிக்குள் இன்னொரு சின்னச் சட்டி வைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு அதற்குள் மருந்தை வைத்து, ஈரத் துணியால் மூடலாம். பதுளை போன்ற கொஞ்சம் வெக்கையான இடங்களில் இது உதவும்.

திறக்காத போத்தல்களுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலோ நம்பிக்கையான கடையிலோ உள்ள பிரிட்ஜில் வைக்கக் கேளுங்கள். ஐஸ் பிடிக்கும் தட்டில் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. கொழும்புக்குப் போகும்போது பஸ்ஸின் மேல்தட்டில் பையைப் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அவசரமாக மலைக்குப் போக வேண்டும். ஊசியை எப்போது போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு சாப்பாடு கட்டாயம் வயிற்றுக்குள் போக வேண்டும். நம் வீடுகளில் காலை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எழும்பினதும் ஒரு வெறுந் தேத்தண்ணீர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, ரொட்டி சுடுவது, அதைக் கட்டி எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவது. அம்மாமார் தாங்கள் சாப்பிடுவதைப் பத்து மணித் தேத்தண்ணீர் வேளைக்குத் தள்ளிவிடுவார்கள். மாத்திரை காலத்தில் எப்படியோ சமாளித்த இந்தப் பழக்கம் ஊசிக் காலத்தில் ஆளை விழுத்திவிடும்.

ஆகவே ரொட்டி தட்டில் தயாராகும் நிலையில் ஊசியைப் போடுங்கள். போட்ட பிறகு பெரட்டு மணி அடித்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் இதில் கொஞ்சம் பங்கெடுக்க வேண்டும். ஊசி போடுகிறவர் கடைசியாகச் சாப்பிடுகிறவராக இருக்க முடியாது. காலையில் சாப்பிடவே முடியாத வேலை நேரம் என்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகை இன்சுலினோ வேறு நேரமோ பார்க்கலாம். கொழுந்து கூடின மாதத்தில் ஓவர்டைம் வேலை, கவ்வாத்து வேலை என்று உடல் உழைப்பு கூடும் நாட்களையும் சொல்லிவையுங்கள். உழைப்பு கூடினால் இன்சுலின் தேவை குறையும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது சரியாக இருக்கும் அளவு, திங்கட்கிழமை மலையில் கூடிப்போகலாம்.

சீனி இறங்கினால் எப்படித் தெரியும்?

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, தலை இலேசாவது, கண் மங்குவது. நம் ஊர்க் குளிரில், பனி மூடின காலையில் ஒருவருக்கு நெற்றி வியர்த்தால் அதுவே பெரிய அடையாளம். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், நடை தள்ளாடும். பார்க்கிறவர்கள் "குடித்திருக்கிறான்" என்றோ "காத்துக் கருப்பு பிடித்துவிட்டது" என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். திருநீறு போடுவதில் யாருக்கும் நட்டமில்லை. முதலில் சீனியைக் கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

மீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது என்று பொருள். மீட்டர் கையில் இல்லையென்றால் சோதிக்கக் காத்திருக்க வேண்டாம். 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, அப்படியே வாயில் போட்டோ சாப்பிடுங்கள். உட்காருங்கள். மலைச் சரிவில் நின்றுகொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சொக்லட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும்.

உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்குச் சீனியை எடுத்துக்கொண்டு போவது புதிதல்ல. சின்னப் பொலித்தீன் பையில் முடிந்து, மழையில் நனையாதபடி, இடுப்பில் கட்டும் படங்குக்குள் வையுங்கள். கூடைக்குள் வைத்தால் நிறுவை இடத்தில் கூடையும் நீங்களும் வேறு வேறு பக்கம் இருப்பீர்கள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயம் வரைக்கும் வண்டி வராத பாதையென்றால், ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் அதே நேரத்தில் ஒருவர் பிரதான ரோட்டில் போய் நிற்கட்டும்.

மாலையில் கொஞ்சம் குடிக்கிற பழக்கம் இருக்கிறது.

விடுவதுதான் நல்லது என்று உங்களுக்கே தெரியும், அதனால் அதை விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் சொல்கிறேன். சீனி இறங்கும்போது ஈரல் தன் கையிருப்பிலிருந்து சீனியை விட்டுக் காப்பாற்றும். குடித்திருந்தால் ஈரல் அந்த வேலையைச் செய்யாது. மாலை ஊசியும் போட்டு, சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் எவரும் அறியாமல் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வீட்டில் இருப்பவர்கள் போதையில் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். வெறும் வயிற்றில் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

ரொட்டி, சோறு எல்லாம் விட வேண்டுமா?

விட வேண்டாம். அளவும் நேரமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு நாள் இரண்டு ரொட்டி, மறுநாள் ஐந்து என்றால் எந்த ஊசியாலும் ஈடுகொடுக்க முடியாது. கோதுமை மா ரொட்டியோடு வெறும் சம்பல் மட்டும் என்பதை மாற்றி, பருப்பு, முட்டை, கீரை, போஞ்சி, கோவா என்று ஏதாவது சேருங்கள். உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். வெலிமடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். தேத்தண்ணீருக்குத் தடையில்லை, அதில் போடும் சீனிக்குத்தான் தடை. ஒரு நாளில் ஐந்தாறு கோப்பை குடிக்கிறவருக்கு அது சின்னக் கணக்கில்லை.

காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியவில்லை. ஊசியை விட்டுவிடலாமா?

நீங்களாக விடாதீர்கள். காய்ச்சலில் சாப்பிடாமலே சீனி கூடும். முதலாம் வகைக்காரர் ஊசியை முழுதாக நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து ஒரு நாளுக்குள்ளேயே உயிராபத்து வரலாம். இரண்டாம் வகைக்காரர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதைக் கேட்டுச் செய்யுங்கள். அடிக்கடி சீனி பாருங்கள், கஞ்சித் தண்ணீர், வெறும் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருங்கள். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, மூச்சில் பழவாடை என்றால் டிஸ்பென்சரியில் நேரம் போக்காமல் பெரிய வைத்தியசாலைக்கே போய்விடுங்கள்.

ஊசி தொடங்கிய பிறகு கண் மங்குகிறது, கால் வீங்குகிறது, உடம்பும் போடுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

கூடியிருந்த சீனி இறங்கும்போது கண்வில்லையின் நீரளவு மாறிப் பார்வை சில வாரம் மங்கலாம். இந்தக் காலத்தில் புதுக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். அது தானாகச் சரியாகும். ஆனால் கண்ணின் உட்புறப் பரிசோதனை செய்யாதிருந்தால் இப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பழைய விழித்திரைப் பாதிப்பு இருந்தால், சீனி வேகமாக இறங்கும்போது அது கொஞ்சம் கூடலாம். கால் வீக்கம் இலேசாக வந்து போகும். மூச்சிரைப்போடு வந்தால் உடனே காட்டுங்கள். எடை கூடுவதற்குக் காரணம், முன்பு சிறுநீரில் வீணாய்ப் போன சீனி இப்போது உடம்பில் சேர்வதுதான்.

இன்சுலினைப் பன்றியிலிருந்து எடுக்கிறார்களாமே?

ஒரு காலத்தில் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1980களிலிருந்து பக்டீரியாவையும் நொதியத்தையும் கொண்டு மனித இன்சுலினையே தயாரிக்கிறார்கள். கிளினிக்கில் தருவது அதுதான். சைவக்காரருக்கும் முஸ்லிம்களுக்கும் இதில் சங்கடம் வேண்டாம்.

மகள் கர்ப்பம். ஊசி பிள்ளையைப் பாதிக்குமா?

பாதிக்காது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. தாயின் கூடிய சீனிதான் போகும். கர்ப்பத்தில் மட்டும் வந்த சீனியென்றால் பிரசவத்தோடு ஊசியைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது, கண்ணும் சரியில்லை. யார் போடுவது?

யாராவது ஒருவர் என்று விட்டால் இரண்டு பேர் போட்டுவிடுவார்கள், அல்லது எவரும் போட மாட்டார்கள். ஒருவர் பெயரில் பொறுப்பு இருக்கட்டும். அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். போட்டதும் கலண்டரில் ஒரு கோடு போடுங்கள். பேரப்பிள்ளைகள் அளவைச் சரிபார்க்கலாம், ஊசி போடும் முழுப் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம். கொப்பியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், காலை எத்தனை, மாலை எத்தனை என்று அங்கேயே வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பேனா வடிவ இன்சுலின் ஊசி உதவும். அளவு வைக்கத் திருப்பும்போது எழும் சத்தத்தை எண்ணலாம்.

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள்.

ஒரு சுவர் தாண்டினால் அடுத்த குடும்பம். மறைப்பது கடினம் என்பதும், பேச்சு வரும் என்பதும் உண்மை. ஆனால் மறைப்பதற்காக ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள், ஊசி போட்டுவிட்டு மலையில் சொல்லாமல் மயங்கியவர்கள் என்று இழப்பு அந்தப் பக்கம்தான் அதிகம். எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள், கூட வேலை செய்யும் ஒருவர், கங்காணி போதும். ஊசி போட ஆரம்பித்த பிறகு சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பேச்சிலும் விருப்பமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

பாவித்த ஊசியை எங்கே போடுவது?

கானிலும் தேயிலைக்குள்ளும் வேண்டவே வேண்டாம். வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு இறுக மூடி, நிறைந்ததும் வைத்தியசாலையில் கொடுங்கள். ஒரு சிரிஞ்ச் ஒரு முறைக்கென்றே செய்தது. வாங்க வசதியில்லையென்றால் தாதியிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். புருஷன் பெண்சாதி இருவருக்கும் சீனி என்றாலும் ஒருவர் பாவித்த ஊசியை மற்றவர் தொடக் கூடாது.

குளிரில் மீட்டர் வேலை செய்யவில்லை.

பெரும்பாலான மீட்டர்கள் 10 பாகைக்குக் கீழே பிழை காட்டும். மீட்டரையும் பட்டியையும் கொஞ்ச நேரம் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். கையை வெந்நீரில் கழுவித் துடைத்தால் இரத்தமும் சுலபமாக வரும். சீனி தொட்ட விரலைக் கழுவாமல் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும்.

இந்த வருடம் சிவனொளிபாதமலை ஏறலாமா?

கால் புண்ணில்லை, நெஞ்சுவலி இல்லை, கண்ணில் பெரிய பாதிப்பில்லை என்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டு ஏறலாம். ஊசி தொடங்கிய முதல் மாதத்திலேயே வேண்டாம், அளவு ஒரு நிலைக்கு வரட்டும். நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறத் தொடங்கி விடியும்வரை படி ஏறுவது பெரிய உழைப்பு. அன்று மாலை ஊசியின் அளவை எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள். மீட்டர், சீனி, பிஸ்கட் எல்லாம் உங்கள் பையிலேயே இருக்கட்டும், கூட வரும் தம்பியின் பையில் வேண்டாம். கூட்டத்தில் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தேட முடியாது. மருந்தை உள்சட்டைக்குள் வையுங்கள். சப்பாத்து பழையதாக, காலுக்குப் பழகியதாக இருக்கட்டும். கீழே வந்ததும் விரலிடுக்குகளில் கொப்புளமோ அட்டை கடித்த புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். உழைத்த தசை மறுநாள் வரைக்கும் சீனியை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் அன்றிரவு படுப்பதற்கு முன்பு ஒரு தடவை மீட்டரில் பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.